மிதப்பு

சைனகுண்டா செக்போஸ்டிலிருந்து
ராத்திரி இரண்டே முக்காலுக்குப் போன்:
"ஆனை கெணத்துல கீது மேடம்.
உசிரோட கீது."

முனிரத்தினத்தின் கிணறு இருபத்திரண்டு அடி.
கைப்பிடிச் சுவர் கிடையாது.
அடியில் இடுப்பளவு சேறு,
சேற்றில் ஒரு பெண் யானை,
பதினான்கு வயது இருக்கலாம்.
டார்ச்சைச் சாய்த்தபோது
தும்பிக்கை நுனி மட்டும் எழுந்து வந்து
வெளிச்சத்தை முகர்ந்து பார்த்தது.

மயக்க ஊசி வேண்டாம் என்றார் டாக்டர் நூருல்லா.
மயங்கினால் சேற்றிலேயே மூச்சு அடங்கிவிடும்.
மேல் ஆறடி மண். அதை ஜேசிபி சரிவாக வெட்டியது.
அதற்குக் கீழே பாறை.
பாறைக்கு வெடி வைப்பார்கள்,
உள்ளே யாரும் இல்லாதபோது.

மிச்சம் இருந்தது
எட்டாம் வகுப்பில் படித்த ஒரு பாடம்.
தண்ணீர் ஊற்றினால் யானை மிதக்கும்.

சொல்லிவிட்டேன்.
எந்த ஊரில் நின்றுகொண்டு சொல்கிறேன் என்பது
பிறகுதான் உறைத்தது.

நாலு நாளைக்கு ஒருமுறை குழாய் வரும் ஊர்.
ஆள் வராவிட்டாலும் குடம் வரிசையில் நிற்கும்,
எது யாருடையது என்று
நாய்க்குக்கூடத் தெரியும்.

"இன்னாது, எங்க தண்ணிய ஆனைக்கு ஊத்தறதா?"
தேசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.
"போன தை மாசம் என் வாழைய
மிதிச்சிட்டுப் போனது இதுங்கதான?"
இதுகள்தான்.
அன்று டேப் வைத்துக் கால்தடத்தை அளந்தவள் நான்.
நஷ்டஈடு இன்னும் வரவில்லை.
அதையும் சொன்னேன். வேறென்ன சொல்ல.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
கீழே சேறு ஒருமுறை உறிஞ்சிக்கொண்டது.
"எத்தினி லோடு?" என்றார் தேசம்மா.
பதினெட்டு.
"பதினெட்டு," என்று திரும்பச் சொன்னார்,
காய்கறி விலையைச் சொல்வதுபோல.
பிறகு மகனை எழுப்பி
போர் மோட்டாரைப் போடச் சொன்னார்.

விடியும்போது நான்கு டேங்கர்கள் ஓடின.
பேர்ணாம்பட்டு தோல் ஷாப்பிலிருந்தும் ஒன்று வந்தது.
டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார்,
திருப்பி அனுப்பினார்.

முதல் லோடுக்கு மிரண்டு பாறையில் முட்டினாள்.
இரண்டாவதைக் குடித்தாள்.
ஐந்தாவதில் வாரித் தன் முதுகில் இறைத்துக்கொண்டாள்.
யாரோ சிரித்தார்கள்.
அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தேன் என்பது
அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

பத்தேகால்.
தண்ணீர் காது மடலைத் தொட்டது,
நான்கு கால்களும் தரையை விட்டன.
இரண்டு டன் எடை
தன்னைத்தானே மறந்துபோன நொடி அது.
குறிப்பேட்டில் நேரத்தை எழுதினேன்.
வேறெதுவும் எழுத வரவில்லை.

பிறகு அங்குலம் அங்குலமாக ஏறினாள்,
குடத்துக்குள் நிலா ஏறுவதுபோல் என்று எழுதலாம்.
ஆனால் சாணமும் மோட்டார் எண்ணெயும்
ஒரு ரப்பர் செருப்பும் கூடவே ஏறின.

சரிவில் முன்னங்கால் வைத்தாள். வழுக்கியது.
மறுபடி வைத்தாள். மறுபடி.
"எம்மா, முட்டிய ஊனுடி!" என்று கத்தினார் தேசம்மா,
வாழையை மறந்து, தண்ணீரை மறந்து,
பிரசவ அறை வாசலில் நிற்பவர் குரலில்.

ஊன்றினாள்.

திரும்பிப் பார்க்கவில்லை.
முனிரத்தினத்தின் பிவிசி பைப்பை
இரண்டு இடத்தில் மிதித்து நொறுக்கிவிட்டு
மாந்தோப்பு தாண்டி மலைக்குப் போனாள்.

ஜனம் கலைந்த பிறகும்
முனிரத்தினம் கிணற்றடியிலேயே நின்றார்.
"என் கண்ணாலாண்ட இது ரொம்பி நான் பாத்ததில்ல,"
என்றார். சாணி மிதந்தது. அதையே பார்த்தார்.
சாயங்காலத்துக்குள் ஒரு முழம் இறங்கிவிட்டது.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு:
பயன்படுத்திய உபகரணம்.
தண்ணீர் என்று எழுதினேன்.
யாருடையது என்று கேட்டு
மேலிடத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது.

அந்தத் தெருவுக்கு
அடுத்த குழாய்
வியாழக்கிழமை.